அன்பினாலும் பாசத்தினாலும்

பத்திரம் எழுதுவதில் என்னை அடித்துக்கொள்ள இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்வது அழகில்லைதான். மற்றவர்கள் சொல்ல மாட்டேன் என்கிறார்களே, நான் என்ன செய்ய. பெற்றோர் வைத்த பெயர் ஆவுடையம்மாள். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் தகரக் கூரை போட்ட கடையில் இருபத்தெட்டு வருஷமாக உட்கார்ந்து எழுதுகிறேன். ஊருக்கு நான் ரைட்டரம்மா.

என் பத்திரத்தில் ஒரு விசேஷம் உண்டு. நடுவில் இடம் விட மாட்டேன். எழுதிக்கொடுப்பவர் யார், வாங்குபவர் யார், சொத்து எப்படி வந்தது, எதற்காகக் கொடுக்கிறார் எல்லாம் மூச்சு விடாமல் ஒரே பத்தியாக ஓடும். இடம் விட்டால் பின்னால் எவனாவது ஒரு வரியைச் செருகிவிடுவான் என்பது எங்கள் தொழிலில் பழைய பயம். கம்ப்யூட்டர் வந்த பிறகு யாரும் எதையும் செருக முடியாது. ஆனாலும் பழகிய கை கேட்கவில்லை. பத்தி பத்தியாகப் பிரித்து எழுதுகிற இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். அந்தத் திமிருக்கு நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், 2038-ல், அலுவலகத்துக்குள் ஒரு பெட்டி வந்து உட்கார்ந்தது. துறை அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறது. ஜனங்கள் வைத்த பெயர் சத்தியப்பெட்டி. பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. உள்ளங்கை வைக்க ஒரு பித்தளைத் தகடு, அதற்கு மேலே ஒரு விளக்கு. சொத்தை எழுதிக்கொடுப்பவர் தகட்டில் கையை வைத்துக்கொண்டு பத்திரத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு நாங்கள் சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொல்லலாம். ஒரு பத்தி முடிந்ததும் விளக்கு எரியும். வாயும் மனசும் ஒன்றாக இருந்தால் பச்சை. வாய் ஒன்று சொல்லி மனசு வேறொன்று சொன்னால் சிவப்பு. ஒரு சொத்துக்கு மூன்று சிவப்பு விழுந்துவிட்டால் மூன்று வருஷத்துக்கு அந்தச் சொத்தில் எந்தப் பத்திரமும் பதிய முடியாது.

பெட்டி வந்த புதிதில் நான் அதைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அதுவரை எத்தனை பேரை மிரட்டிக் கூட்டிவந்து கையெழுத்து வாங்கியிருப்பார்கள். வந்த முதல் வாரமே ஒரு பெரியவர் ‘மனப்பூர்வமாகச் சம்மதித்து’ என்று படித்து முடித்ததும் சிவப்பு எரிந்தது. கூட வந்த மகன் ஆள் அட்ரஸ் இல்லாமல் ஓடினான்.

ஆனால் செட்டில்மென்ட் பத்திரம் என்று ஒன்று இருக்கிறதே. அப்பா மகளுக்கு, அண்ணன் தம்பிக்கு என்று காசு வாங்காமல் சொத்தைக் கொடுப்பது. அதில் ‘உன் மீது எனக்குள்ள அன்பினாலும் பாசத்தினாலும்’ என்று ஒரு வரி எழுதியே ஆக வேண்டும். பணம் கைமாறாத பத்திரத்தில் பாசம்தான் விலை. அந்த வரியை ஆயிரக்கணக்கான தடவை எழுதியிருக்கிறேன். எழுதும்போது ஒரு தடவைகூட நான் அதைப் படித்ததில்லை. பெட்டி படித்தது. ஒரு அப்பா எழுதிக்கொடுத்ததில் மூத்த மகனுக்குப் பச்சையும் இளையவனுக்குச் சிவப்பும் எரிந்து, இரண்டு பேரும் அந்த வராந்தாவிலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு செட்டில்மென்ட் என்று யாராவது வந்தால் வேறு கடையைக் கைகாட்டப் பார்ப்பேன்.

அப்படி ஒரு திங்கட்கிழமை காலையில்தான் வேலம்மா மைனியும் கனியும் வந்தார்கள்.

ஊர் முறையில் எனக்கு மைனி, அதாவது மதினி, ஆகவேண்டிய வேலம்மாளுக்கு அறுபத்துநாலு வயது. கனி என்கிற சண்முகக்கனிக்கு ஐம்பத்துமூன்று. இரண்டு பேரும் ஒரே மனுஷனுக்கு வாக்கப்பட்டவர்கள். சுடலைமுத்து வேலம்மாளைக் கட்டி, பன்னிரண்டு வருஷம் பிள்ளை இல்லை என்று கனியையும் கட்டினார். கனிக்கும் பிள்ளை இல்லை. குறை யாரிடம் என்பது அதோடு ஊருக்கே தெரிந்துபோனது. யாரும் வாயைத் திறக்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது. இரண்டு பெண்களும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

“ரைட்டரம்மா, இந்தச் சனியனுக்கு வீட்டை எழுதிக் குடுக்கணும்” என்றாள் வேலம்மா மைனி, வந்ததும் வராததுமாக.

“யக்கா, நாலு பேரு இருக்காவ. மெல்லப் பேசுங்க” என்றாள் கனி.

“நாலு பேரு இருந்தா நீ சனியன் இல்லன்னு ஆயிருமாட்டி?”

கனி பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகிக் கொடுத்தாள். மைனி பாட்டிலைப் பிடுங்காத குறையாக வாங்கிக் குடித்தாள்.

விஷயம் இதுதான். மைனிக்கு இதயத்தில் வால்வு கெட்டுப்போயிருந்தது. வியாழக்கிழமை திருநெல்வேலியில் ஆபரேஷன். சுடலைமுத்து இறந்ததும் வீடு மைனி பெயருக்கு வந்துவிட்டது. மூத்தவள் உயிரோடு இருக்கும்போது கட்டிய கல்யாணம் என்பதால் கனி சட்டத்துக்கு யாருமே இல்லை. மைனிக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீடு நேராகக் கொழுந்தன் மகன் மாசானத்துக்குப் போகும். அவன் ஏற்கெனவே ஒரு நாள் வந்து, பெரியம்மா பெரியம்மா என்று குழைந்துகொண்டே டேப்பை வைத்து வாசலை அளந்துவிட்டுப் போயிருக்கிறான்.

“உயிலு எழுதலாமே மைனி” என்றேன்.

“நான் செத்த பெறவு இவ அதைத் தூக்கிக்கிட்டு கோர்ட்டு கோர்ட்டா அலையணுமா? பஸ்ஸு ஏறுனா வாந்தி எடுக்கிற கழுத இவ. நான் கண்ணு முழிச்சிருக்கும்போதே முடிச்சிரணும்.”

எழுதினேன். என் பாணியில், இடைவெளி இல்லாமல், ஒரே பத்தி. ‘என் அன்புக் கணவர் காலஞ்சென்ற சுடலைமுத்து அவர்களின் நினைவைப் போற்றியும், அவரோடு நான் நடத்திய இல்லறத்தை முன்னிட்டும், கடந்த முப்பத்தோரு வருஷமாக என்னோடு உடன்பிறந்தவள் போல் வாழ்ந்துவரும் சண்முகக்கனியாகிய உன் மீது எனக்குள்ள அன்பினாலும் பாசத்தினாலும், பிறர் தூண்டுதல் ஏதுமின்றி’ என்று போகும். நேர்த்தியான பத்தி. கணவனை இழந்த எந்தப் பெண் வந்தாலும் இதைத்தான் எழுதுவேன், பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

உள்ளே சார்பதிவாளர் மெஹருன்னிசா மேடம் மைனியின் கையைப் பிடித்துத் தகட்டில் வைத்தார். நான் சொல்லச் சொல்ல மைனி திருப்பிச் சொன்னாள். கனி பக்கத்து நாற்காலியில் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பத்தி முடிந்தது. சிவப்பு எரிந்தது.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மைனி விளக்கையே பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கனியைப் பார்க்கவில்லை.

“மேடம், பெட்டி ரிப்பேரா இருக்கும்” என்றேன்.

“ரைட்டரம்மா, காலையிலேருந்து பதினோரு பேர் படிச்சிருக்காங்க.”

“அப்ப எந்த வரியில செவப்பு விழுந்துச்சுன்னாவது சொல்லுங்க.”

“அது சொல்லாது. வரி வரியா சொன்னா மனுஷங்களோட அந்தரங்கம் வெளிய வந்துடும்னு சட்டத்துலயே தடுத்திருக்காங்க. பத்திக்கு ஒரு விளக்கு, அவ்வளவுதான். அது பொய்யைக் கண்டுபிடிக்கிற மிஷினும் இல்ல. சொல்றவங்க மனசு அந்தப் பத்தியோட எங்கேயோ ஒட்டலை, அதை மட்டும் காட்டும்.”

“எங்கன்னு கேட்டா?”

“எனக்கும் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது.”

எங்கே என்று அந்த அறையில் இருந்த எல்லோரும் அவரவர் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டார்கள். பாச வரியைத் தவிர வேறு எது? சக்களத்திக்கு வீடு எழுதுகிறவளுக்கு வேறு எதில் மனசு ஒட்டாது? சத்தியமாகச் சொல்கிறேன், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நினைத்ததோடு விட்டேனா? இல்லை. புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். கடைக்கு ஓடி, ‘அன்பினாலும் பாசத்தினாலும்’ என்பதோடு ‘நன்றியினாலும் அக்கறையினாலும்’ என்று சேர்த்து, பாசத்தை நடுவில் ஒளித்துவைத்து, மற்றதை அப்படியே விட்டு, அரை மணி நேரத்தில் திரும்பி வந்தேன். மைனி மறுபடி கையை வைத்தாள். மறுபடி சிவப்பு.

கனி எழுந்தாள்.

“பரவால்லக்கா” என்றாள். “எனக்குத் தெரியாததா. நான் உங்க வாழ்க்கையில வந்து விழுந்தவதானே. இத்தன வருசம் சோறு போட்டீங்க, அதுவே பெரிசு.”

“ஏட்டி, உக்காரு.”

“நன்றிகூட இல்லன்னு சொல்லுதே அந்தப் பெட்டி. வாங்க, வீட்டுக்குப் போவோம். மாத்திர போட நேரமாச்சு.”

மைனியைக் கைத்தாங்கலாகப் படி இறக்கிக் கூட்டிப்போனாள். டிரைவர் இல்லாமல் தானே ஓடுகிற மினிபஸ் வந்ததும் மைனியை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, தான் போய்ப் பின் சீட்டில் தனியாக உட்கார்ந்தாள். முப்பத்தோரு வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் தனித்தனி சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இன்னும் ஒரு சிவப்பு விழுந்தால் எல்லாம் முடிந்தது. மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

கூடத்தில் கனியின் துணிப்பை கட்டித் தயாராக இருந்தது. ஆபரேஷன் முடிந்து அக்காவை வீட்டில் கொண்டுவந்து விட்ட கையோடு கோவில்பட்டியில் தன் தம்பி வீட்டுக்குப் போகிறாளாம். கனி அடுப்படியில் நின்று ஒரு வாழைப்பழத்தை வில்லை வில்லையாக நறுக்கி, ஒவ்வொரு வில்லைக்குள்ளும் ஒரு மாத்திரையைப் பொதிந்துகொண்டிருந்தாள். மைனிக்கு மாத்திரையை வெறுமே விழுங்க வராது. இதை அவள் இன்றைக்கு நேற்றாகச் செய்யவில்லை, கையைப் பார்த்தாலே தெரிந்தது.

“இதைத் தின்னுட்டு மருந்துக்கசப்புன்னு என்னை நாலு வசவு வைவாவ பாருங்க” என்றாள் கனி. சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

தட்டை வைத்துவிட்டு அவள் பால் வாங்கக் கிளம்பினாள். கிளம்பும் முன் சுவரில் மாட்டியிருந்த சுடலைமுத்துவின் படத்துக்கு முன்னால் விளக்கில் எண்ணெய் விட்டு, திரியைத் தூண்டிவிட்டுப் போனாள். படத்துக்குப் புது மல்லிகைச் சரம் போட்டிருந்தது.

கதவு சாத்திய சத்தம் கேட்டதும் நான் மைனியிடம் நேராகவே கேட்டேன். சுற்றி வளைக்க எனக்கு வராது.

“மைனி, உங்களுக்கு அவ மேல பாசம் இருக்கா இல்லையா?”

“என்ன கேள்வி கேக்கீங்க?” மைனிக்குக் கண் கலங்கிவிட்டது. “அந்தச் சனியன் இல்லாம எனக்கு ஒரு நாளு விடியாது ரைட்டரம்மா. அவ ஊருக்குப் போயி ரெண்டு நாளு தங்குனா நான் கஞ்சி வச்சுக் குடிச்சிட்டுக் கெடப்பேன். எனக்கு ஆக்கத் தெரியாதா? யாருக்கு ஆக்க? ராத்திரியெல்லாம் நெனச்சுப் பாத்தேன். அந்தப் பெட்டிக்கு நான் என்ன துரோகம் செஞ்சேன்? என் வாயில வந்த ஒரே ஒரு நல்ல வார்த்தையையும் பொய்யின்னு சொல்லிட்டுதே.”

அவள் அழுவதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. ஆனால் எனக்கு ஒன்று உறைத்தது. இது பொய் சொல்கிற முகம் இல்லை. அப்படியானால் பெட்டி எதைப் பிடித்தது?

பையிலிருந்து பத்திரத்தை எடுத்தேன். “மைனி, நான் மெதுவாப் படிக்கேன். நீங்க சும்மா கேளுங்க” என்று சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் எழுதிய பத்தியை ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன். காகிதத்தைப் பார்க்கவில்லை, அது எனக்கு மனப்பாடம். மைனி முகத்தையே பார்த்துக்கொண்டு படித்தேன்.

‘என் அன்புக் கணவர்’ என்றேன். அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. ‘நினைவைப் போற்றியும்’ என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ‘அவரோடு நான் நடத்திய இல்லறத்தை முன்னிட்டும்’ என்றபோது மாத்திரை வைத்த வாழைப்பழ வில்லையை எடுத்து வாயில் போட்டு, அந்தக் கசப்பில் முகத்தைச் சுளிக்கிற மாதிரி பாவனை செய்தாள்.

நான் படிப்பதை நிறுத்தினேன்.

“மைனி, இதுதானா?”

அவள் வாசல் கதவைப் பார்த்தாள். கனி இன்னும் வரவில்லை.

“இவள இந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த அன்னைக்குத்தான் எனக்கே தெரியும்” என்றாள். “யாரோ சாப்பிட வாராங்க, கூட ஒரு ஆளுக்கு ஆக்குன்னு சொல்லிட்டுப் போனாரு. மீன்கொழம்பு வச்சேன். வந்து பாத்தா மாலையும் கழுத்துமா இவ நிக்கா. மூத்தவ படுத்த படுக்கையா கெடக்கா, அவளே சம்மதிச்சிட்டான்னு இவ வீட்டுல சொல்லிக் கட்டியிருக்காரு. நான் கையில தட்டோட நிக்கேன். இவ மூஞ்சியில ரத்தமே இல்ல. அவருகிட்ட கேக்க வேண்டியதை இவகிட்ட எப்படிக் கேக்க? சாப்பிட்டியாட்டின்னு கேட்டேன். அன்னைக்கு ஆரம்பிச்சதுதான்.”

“அவரு உங்ககிட்ட மன்னிப்பு ஏதாவது…”

“கொழம்புல உப்பு கூடன்னு சொன்னாரு.”

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த மனுஷனை அன்புக் கணவர் என்று எழுதியது யார்? நான். போற்றி என்று போட்டது யார்? நான். யாராவது சொன்னார்களா? கேட்டேனா? வேறு யாருக்கோ எழுதிய துக்கத்தைத் தூக்கி இவள் தலையில் வைத்தேன். அதோடு நின்றதா, அதையும் பாசத்தையும் இடம் விடாமல் ஒரே பத்தியில் கட்டி, ஒன்றுக்காக எரிந்த சிவப்பில் மற்றதையும் பொசுக்கினேன். நேர்த்தியாம் நேர்த்தி.

“மைனி, நான்தான் பாவி. இப்பவே கனிகிட்ட சொல்லி…”

மைனி என் கையைப் பிடித்தாள்.

“சொல்லிராதீங்க. அவ அந்த மனுசன் மேல உசுரா இருந்தவ. ஒன்பது வருசமா ஒரு நாளு விடாம வெளக்கு ஏத்துதா, பூ வைக்கா. எனக்காக இல்லாட்டியும் அவளுக்காகத்தான் அந்தப் படத்தைச் சுவத்துல விட்டு வச்சிருக்கேன். நான் இப்படி நெனைக்கேன்னு தெரிஞ்சா அவ மனசு ஒடஞ்சிரும்.”

“அப்ப அவகிட்ட என்ன காரணம் சொல்ல?”

“நீங்க படிச்சவங்க. ஏதாவது சொல்லுங்க.”

கனி பாலோடு உள்ளே வந்தாள். இருபத்தெட்டு வருஷமாக என் பத்திரத்தில் ஒரு எழுத்து பிசகியதில்லை என்று மார்தட்டிக்கொண்டிருந்தவள் நான்.

“கனி, தப்பு என்னோடது” என்றேன். “கதவு எண்ணை மாத்திப் போட்டுட்டேன். பதினாலுக்குப் பதிலா நாப்பத்தொண்ணு. மைனிக்குத் தன் வீட்டு நம்பர் தெரியாதா? வாய் ஒண்ணு சொல்லி மனசு ஒண்ணு சொல்லிருக்கு, பெட்டி பிடிச்சிட்டுது. ரெண்டாவது தடவையும் அதையே போட்டுருக்கேன், கண்ணு தெரியலை.”

கனி என்னை நம்பாமல் பார்த்தாள்.

“ரைட்டரம்மா தப்பா எழுதுவீங்களா?”

“எழுதுவேன்” என்றேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

அவள் மைனியைப் பார்த்தாள். மைனி வாழைப்பழத்தை மென்றுகொண்டே, “இன்னும் என்னத்தட்டி பாக்க. பாலைக் காய்ச்சு, ரைட்டரம்மாவுக்குக் காப்பி போடு. பையை அவுத்து வையி, கூடத்துல கால் வைக்க எடமில்ல” என்றாள். கனி பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அடுப்படியில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

புதன்கிழமை. மறுநாள் ஆபரேஷன். முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து புதிதாக எழுதியிருந்தேன். இடம் விட்டு, பத்தி பத்தியாக. சொத்து வந்த வழிக்கு ஒரு பத்தி, அதில் சுடலைமுத்து வெறும் சுடலைமுத்து, அன்பும் இல்லை போற்றலும் இல்லை. வீட்டின் நான்கு எல்லைக்கு ஒரு பத்தி. பாசத்துக்குத் தனியாக ஒரு பத்தி. அதை மைனியிடமே கேட்டு எழுதினேன்.

மேடம் வாங்கிப் பார்த்தார். “கதவு எண் தப்பா இருந்துச்சுன்னு கனியம்மா வராந்தாவுல சொன்னாங்க. முந்தி வந்த பத்திரத்துலயும் பதினாலுன்னுதானே இருந்துது?”

நான் பேனாவுக்கு மூடி போட்டேன். மேடம் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அவர் மேஜையில் முந்தைய பத்திரத்தின் நகல் திறந்திருந்தது. அதை மூடி வைத்தார்.

“எனக்கும் இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியறதில்ல ரைட்டரம்மா” என்றார். “இதுதான் கடைசித் தடவை, ஞாபகம் இருக்கட்டும். வேலம்மாள், கையை வைங்க.”

முதல் பத்திக்குப் பச்சை. எல்லைகளுக்குப் பச்சை. பாசத்துக்கு வந்ததும் நான் வாசித்தேன், மைனி திருப்பிச் சொன்னாள்.

“சண்முகக்கனியாகிய உன்னை எனக்கு இன்ன முறை என்று சொல்லச் சட்டத்தில் வார்த்தை இல்லாவிட்டாலும், உன்னைத் திட்டாமல் எனக்கு ஒரு நாளும் பொழுது போகாவிட்டாலும், உன் மீது எனக்குள்ள அன்பினாலும் பாசத்தினாலும் இந்த வீட்டை உனக்குக் கொடுக்கிறேன்.”

மைனியின் குரல் கடைசியில் நடுங்கியது. கை தகட்டிலேயே இருந்தது. கனி கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

பச்சை.

“ஏட்டி, கண்ணத் தொறந்து பாரு” என்றாள் மைனி. கனி பார்த்தாள். விளக்கைப் பார்த்ததும் உடைந்துபோய் மைனியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். “சேலையெல்லாம் ஈரமாக்காத, போட்டோ எடுக்கணும்” என்று மைனி அவள் முதுகில் ஒரு அடி வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

போட்டோவுக்கும் கைரேகைக்கும் மைனியை அடுத்த அறைக்குக் கூட்டிப்போனார்கள். வாங்குகிறவள் ஏற்றுக்கொள்வதாக ஒரு பத்தி படிக்க வேண்டும், அது பாக்கி. அவளுக்கு இருந்த பயத்துக்கு முன்னாலேயே ஒரு தடவை படித்துப் பார்க்கட்டும் என்று காகிதத்தைக் கனியிடம் கொடுத்தேன். அவளுக்குச் சந்தோஷமாக இருக்கட்டுமே என்று அதில் ஆசையாக ஒரு வரி சேர்த்திருந்தேன். ‘என் அன்புக் கணவர் வாழ்ந்த இவ்வீட்டை அவர் நினைவாகப் பேணி’ என்று. பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை, பாருங்கள்.

கனி அதைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். அப்புறம் என் முழங்கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் இழுத்துப்போனாள்.

“ரைட்டரம்மா, கோவிச்சுக்காதீங்க. இந்த வரி வேண்டாம். எடுத்துருங்க.”

“ஏன் கனி?”

“இதைப் படிச்சா எனக்குச் செவப்பு விழுந்துரும்.”

நான் அவளையே பார்த்தேன். அவள் அடுத்த அறைக் கதவை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

“பொய் சொல்லித்தானே என்னைக் கட்டுனாரு. ஒரு நாளாவது வருத்தப்பட்டாரா? அவரு நெனைப்பு எனக்கு எதுக்கு? அந்த வீட்டுல எனக்குன்னு இருந்தது அக்கா மட்டுந்தான்.”

“அப்ப வெளக்கு? பூவு?”

“அக்காவுக்காகத்தான். அவுக அந்த மனுசன் மேல உசுரையே வச்சிருந்தாவ. நான் வந்து பங்கு போட்டுட்டேன், வெளக்காவது ஏத்துவோமேன்னு ஏத்துதேன். அவுககிட்ட இதைச் சொல்லிராதீங்க ரைட்டரம்மா. ஆபரேஷன் நேரத்துல மனசு தாங்காது.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அந்த வரியை எடுத்தேன். கனி கையை வைத்து, ‘அக்கா கொடுப்பதை நான் மனப்பூர்வமாக ஏற்றுக்கொள்கிறேன்’ என்று படித்தாள். பச்சை எரிந்தது.

மைனி பிழைத்துக்கொண்டாள். ஒரு மாசம் கழித்து அசல் பத்திரத்தைக் கொடுக்க நானே போனேன். உள்ளே நுழையும்போதே மைனி உப்பு போதவில்லை என்று கத்திக்கொண்டிருந்தாள். டாக்டர் உப்பு ஆகாதுன்னு சொன்னது காதுல விழலியா என்று கனி அடுப்படியிலிருந்து கத்தினாள். சுவரில் சுடலைமுத்து புது மல்லிகைச் சரத்தோடு, விளக்கு வெளிச்சத்தில், உலகத்திலேயே கொடுத்துவைத்த மனுஷன் தான்தான் என்று பார்த்துக்கொண்டிருந்தார். கனி சரத்தை நேராக்கினாள். “இன்னுங் கொஞ்சம் எண்ணெய் விடுட்டி, அணைஞ்சிரப் போவுது” என்றாள் மைனி, கனிக்காக.

காப்பி குடித்துவிட்டு எழுந்தேன். கனி டம்ளரைக் கழுவப் போன நேரம் பார்த்து மைனி என் காதில், “அவகிட்ட சொல்லலியே?” என்று கேட்டாள். வாசல் வரை வழியனுப்ப வந்த கனி, செருப்பை நான் மாட்டும்போது குனிந்து, “அக்காகிட்ட சொல்லலியே?” என்று கேட்டாள்.

இல்லை என்று இரண்டு பேரிடமும் சொன்னேன். பெட்டியில் கை வைத்துச் சொல்லச் சொல்லியிருந்தாலும் பச்சைதான் எரிந்திருக்கும்.